காருக்குள் ஏழு மடை: ஈக்வலைசர் வாங்குமுன் ஒரு விளக்கம்

பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்குப் போகும் வழியில், பின்சீட்டில் இருந்து அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தப் புள்ள பாட்டுப் படிக்குதா, இல்ல அண்டாவுக்குள்ள உக்காந்துட்டு அழுகுதா?"

கொடைக்கானல் பண்பலை 100.5-இல் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கார்தான் பழசு. செட்டு புதுசு, கதவு ஸ்பீக்கர் புதுசு, சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதுவும் புதுசு. கடையில் மாட்டிப் போட்டுக் காட்டியபோது நெஞ்சாங்கூடு அதிர்ந்தது; அந்த அதிர்விலேயே காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா சொன்ன பிறகுதான் காதைத் தீட்டிக் கேட்டேன். அண்டாவேதான். எந்தப் பாட்டைப் போட்டாலும் 'தும்' என்று ஒரே ஒரு சத்தம் முன்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பாடுகிறவர் வாயைத் திறப்பது தெரிகிறது, என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

அதைச் சரிசெய்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய ஏழு குமிழ் ஈக்வலைசர், அதாவது கனமான ஒலி, கூர்மையான ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்குகிற பெட்டி. கூடவே காசு செலவாகாத இரண்டொரு வேலைகள். அந்தப் பெட்டியைப் பார்த்து "இத்தனை குமிழ் எதுக்குங்க?" என்று ஒதுங்கிப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்கிறார்கள். நல்ல காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கோயில் நோம்பியில் அடிக்கிற துடும்பு மேளத்தின் அந்தப் பெரிய 'திம்' இந்த வரிசையில் அடியில் கிடக்கிறது. காலில் கட்டிய சலங்கையின் 'சிலிங்' உச்சியில் இருக்கிறது. பாடுகிறவரின் குரல் நடுவில். அதிலும் ஒரு நுணுக்கம்: குரலின் கனம் சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆனால் க, ச, ட, த, ப என்று எழுத்தைப் பிரித்துக் காட்டுகிற அந்தக் கூர்மை 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அங்கே மங்கிப்போனால் பாட்டு கேட்கும், சொல் கேட்காது. அம்மாவின் புகார் அதுதான்.

செட்டில் இருக்கிற பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்சி ஒலி) என்ற இரண்டு குமிழ்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நீள வரிசையை ஆள்வது, கீழ்பவானி வாய்க்கால் முழுவதையும் இரண்டே மடையை வைத்துக்கொண்டு பாய்ச்சுகிற மாதிரி. நெல்வயலுக்கு விட்டால் பக்கத்து மஞ்சளும் மூழ்கும். ஈக்வலைசர் அந்த இரண்டை ஏழாகப் பிரித்துத் தருகிறது. சாதாரண ஏழு குமிழ் பெட்டியில் பெரும்பாலும் 50, 125, 320, 750, 2,200, 6,000, 16,000 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். இடைவெளி ஒழுங்கில்லாமல் தெரிகிறதே என்று தோன்றலாம். காது கூட்டல் கணக்குப் போடுவதில்லை, பெருக்கல் கணக்குப் போடுகிறது. சங்கீதம் கற்றவர்களுக்குத் தெரியும்: மத்திய ஸ்தாயி ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமத்துக்குப் போனால் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு. அதனால்தான் குமிழ்களும் ஒவ்வொன்றும் முன்னதைப்போல இரண்டரை, மூன்று மடங்காகத் தாவுகின்றன. வேறு பெட்டிகளில் எண்கள் சற்றே முன்பின் இருக்கும்; அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மடை என்று சொன்னதில் இன்னொன்றும் அடக்கம். ஒரு வயலுக்குத் தண்ணீர் விட்டால் பக்கத்து வயலும் கொஞ்சம் ஊறும். 125 குமிழைத் திருகினால் 125 மட்டும் அசையாது. இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஏறி இறங்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஈக்வலைசர் என்றால் சமனாக்கி. பழைய காலத்து நீளமான தொலைபேசிக் கம்பியில் பேச்சு போய்ச் சேரும்போது மேல் சுருதிகள், அதாவது அதிர்வு கூடிய ஒலிகள், தேய்ந்துபோகும். அதைச் சமன் செய்து பேச்சைப் பழையபடி ஆக்கத்தான் இந்தச் சாதனம் வந்தது. அதாவது வழியில் கெட்டதைச் சரிசெய்வது இதன் பிறவிக்குணம். அதை நாம் பேஸ் ஏற்றும் யந்திரமாக மாற்றிவிட்டோம்.

காருக்குள் என்ன கெடுகிறது?

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 அலை. ஆக ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். காரே அவ்வளவு நீளம் இல்லை. 16,000 ஹெர்ட்ஸ் அலையோ 2 சென்டிமீட்டர்தான். யானையும் எறும்பும் ஒரே அறையில் நடமாடுகிற கதை.

ஒரு சின்னக் காரின் உட்பக்க அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கதவுக்கும் நடுவே ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்துகிற சுருதி எது? முழு அலை 2.6 மீட்டர், 340-ஐ 2.6-ஆல் வகுத்தால் 130 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி வந்தாலே கார் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. கதவும் கதவும் அதை எறிந்து எறிந்து விளையாடும். கதவின் உள் பிளாஸ்டிக் வேறு அதிலேயே சேர்ந்து முனகும். குளியலறையில் பாடும்போது ஏதோ ஒரு சுரம் மட்டும் கும்மென்று எழும்புமே, அதேதான். காரின் உள்வடிவம் பெட்டி மாதிரி நேர்க்கோடாக இல்லாததால் இந்தக் கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனால் 'அண்டா' சத்தம் எழும் வட்டாரம் இதுதான்.

மேல் சுருதிக்கு வேறு தலைவிதி. கண்ணாடியில் பட்டால் சுள்ளென்று தெறிக்கும், துணி சீட்டில் பட்டால் செத்துப்போகும். சீட்டுக்கு ரெக்சின் உறை போட்டவர் காரிலும், போடாதவர் காரிலும் ஒரே செட்டு ஒரே மாதிரி பாடாது. இதோடு நமக்கு வலதுபக்க ஸ்டீயரிங். வலது கதவு ஸ்பீக்கர் ஓட்டுகிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் அந்தக் கோடியில்.

இந்தக் கெடுதல் ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு மாதிரி. அதனால் "உங்க ஈக்வலைசர் செட்டிங் என்னங்க, சொல்லுங்க, நானும் அதையே வெச்சுக்கறேன்" என்று கேட்பது அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போல.

மைக்செட்டுக்காரர் சொன்னது

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருகிற மைக்செட்டுக்காரரிடம் 31 ஸ்லைடர் உள்ள பெரிய ஈக்வலைசர் இருக்கிறது. மைக்கைப் பிடித்தவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றதும் 'கூஊஊ' என்று ஊளை வரும் அல்லவா? அவர் எதையும் ஏற்ற மாட்டார். 31-இல் ஒன்றை மட்டும் விரலால் கீழே இழுப்பார். ஊளை நின்றுவிடும். பேச்சு அப்படியே இருக்கும்.

"நம்ம ஆளுக வாங்குன ஒடனே எல்லாத்தையும் ஏத்திப்போட்டர்றாங்க தம்பி. இது ஏத்தறதுக்கு இல்லீங், எறக்கறதுக்கு" என்றார். எனக்கு இந்த விஷயத்தில் கிடைத்த பாடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் கிளை.

ஏன் இறக்க வேண்டும்? வாட் கணக்கைப் பார்த்தால் புரியும். ஈக்வலைசரில் எழுதியிருக்கும் டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. குமிழை முழுக்கத் திருகி 12 ஆக்கினால் பதினாறு மடங்கு. ஒரு பாட்டின் அடித்தாளத்துக்கு ஆம்ப்ளிஃபயர் 5 வாட் தந்துகொண்டிருக்கிறது என்று வைப்போம். 50 ஹெர்ட்ஸ் குமிழை உச்சிக்கு ஏற்றியதும் அது 80 வாட் கேட்கும். என்னுடைய ஆம்ப்ளிஃபயர் ஒரு சேனலுக்குத் தருவது 40. இல்லாததை எங்கிருந்து தரும்? அலையின் தலையைக் கத்தரித்துத் தட்டையாக அனுப்பும். அதுதான் அந்தக் 'கர்புர்'. ட்வீட்டர் (உச்சி ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகுவதற்கு இது நல்ல வழி.

செட்டின் சொந்த ஆம்ப்ளிஃபயரை மட்டும் நம்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அட்டைப்பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் 14.4 வோல்ட் பக்கம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டால் சுத்தமான ஒலி 25 வாட்டைத் தாண்டுவதே கஷ்டம். நடப்பில் 15, 20தான்.

அதற்கு மாறாக, முட்டி நிற்கிற 125-ஐ 5 டெசிபல் இறக்கினால் ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் குறைகிறது. அது மூடி வைத்திருந்த மற்றதெல்லாம் தானாக மேலே வரும். மொத்தச் சத்தம் குறைந்ததாகத் தோன்றினால் வால்யூமை இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளலாம். ஏழு குமிழையும் சேர்த்து ஏற்றுவது என்பது வால்யூமை ஏற்றுவதுதான், வேறொன்றும் இல்லை. வாய்க்காலில் வருகிற தண்ணீர் அவ்வளவேதான். மடையைத் திறப்பதால் அணை நிரம்பாது.

இரண்டு ஓரமும் ஏறி நடு இறங்கிய, சிரிக்கிற வாய் மாதிரியான அமைப்பைப் பல கடைகளில் வைத்துக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் கேட்கப் பிரமாதமாக இருக்கும். அதற்குக் காதே காரணம். 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிச்சுருதிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் கூர்மை. சத்தம் ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கும். ஆகவே மெல்ல வைத்துக் கேட்டபோது சுகமாக இருந்த சிரிப்பு, வால்யூம் ஏறியதும் அண்டா ஆகிவிடும். பாடுகிறவர் குழிந்த நடுவில் விழுந்து கிடப்பார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காரில் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மலிவு ஈக்வலைசரை வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. செட்டின் பின்னாலுள்ள ஆர்சிஏ துளையிலிருந்து (ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்புகிற வட்டத் துளை) கேபிள் ஈக்வலைசருக்கு வர வேண்டும். அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும். ஸ்பீக்கரைத் தள்ளுகிற தெம்பு ஈக்வலைசருக்குக் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் செட்டின் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். இப்போது வருகிற தொடுதிரை செட்டுகள் பலவற்றில் பத்துப் பட்டை (பத்துக் குமிழ் மாதிரி) ஈக்வலைசர் உள்ளேயே இருக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். இரண்டாயிரம் மிச்சம்.

அடுத்தது, வயர். என் காரில் இடது கதவு ஸ்பீக்கருக்கு பிளஸ்ஸும் மைனஸும் மாற்றி மாட்டியிருந்தார்கள். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். ஆழமான பேஸ் நடுவிலேயே கழிந்துபோகும். பேஸ் வரவில்லை என்று மாட்டியவர் செட்டில் பேஸை உச்சிக்கு ஏற்றியிருக்கிறார். அண்டாவுக்குப் பாதிக் காரணம் அது. கண்டுபிடிப்பது சுலபம்: செட்டில் இடது, வலது சத்தத்தைப் பங்கிடுகிற பாலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒரே ஸ்பீக்கர் பாடும்போது இரண்டு பாடுவதைவிடப் பேஸ் கூடினால், வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கி மாற்றிக் குத்தியதில் எனக்கு ஆன செலவு, ஒரு டீ.

கதவு பிளாஸ்டிக் கிடுகிடுவென்று ஆடினால் கிளிப்பை மாற்றுங்கள். ஆடுகிற பிளாஸ்டிக்குக்கு எந்தக் குமிழும் கிடையாது.

மாட்டுவதில் சிக்கலான ஒன்று எர்த். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் மூன்று வயர் வரும்: 12 வோல்ட், கறுப்பு எர்த், செட்டைப் போட்டால் தானும் எழுந்துகொள்ள ஒரு நீல வயர். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், பெட்டியின் மேலுள்ள சீட்டைப் பார்த்து மாட்டுங்கள். ஃபியூஸ் இல்லாமல் மாட்டாதீர்கள். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில், முடிந்தால் செட்டின் எர்த் இருக்கிற அதே போல்ட்டில் முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙீ...' என்று கொசு மாதிரி ஒன்று கூடவே ஏறும். ஆர்சிஏ கேபிளைக் காரின் ஒரு ஓரமாகவும் பேட்டரி வயரை மறு ஓரமாகவும் கொண்டுபோனால் இந்தத் தொல்லை மேலும் குறையும்.

புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம்

செட் செய்வதற்கு வீட்டு வாசலைவிட ஆள் நடமாட்டம் இல்லாத இடம் நல்லது. சென்னிமலைச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை அணைத்தேன். (பேட்டரி பழசு என்றால் நடுவில் ஒருமுறை ஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். பாட்டை நன்றாக்கப் போய் வண்டியைத் தள்ளுகிற நிலை வரக் கூடாது.) செட்டில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் என்று இருந்த அத்தனையையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஈக்வலைசரின் ஏழு குமிழும் நடுவில்.

பாட்டு, எனக்கு மனப்பாடமான ஒன்று. குரல், புல்லாங்குழல், தபேலா, கொஞ்சம் பேஸ் கிடார். தரமான பதிவாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்ததை வைத்துக்கொண்டு செட் செய்தால், செட்டைப் பாட்டின் நோய்க்கு மருந்தாக மாற்றியவர்கள் ஆவோம்.

இப்போது ஒரு தந்திரம். இறக்கத்தான் போகிறோம், ஆனால் எதை என்று தெரியாது. ஆகவே வால்யூமைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு குமிழாகக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்க வேண்டும். எதை ஏற்றும்போது நம்மை எரிச்சல்படுத்தும் அந்தச் சத்தம் பூதாகாரமாகிறதோ, அதுதான் குற்றவாளி. பிடித்ததும் நடுவைத் தாண்டிக் கீழே இறக்க வேண்டும்.

50-ஐ ஏற்றினேன், சீட்டு அதிர்ந்தது, பாட்டு கெடவில்லை. நடுவுக்கே திருப்பினேன். 125-ஐத் தொட்டதும் அம்மா சொன்ன அண்டா முழு உருவத்தில் வந்து நின்றது. மெல்ல இறக்கிக்கொண்டே போனேன். ஐந்து டெசிபல் பக்கம் வந்தபோது பேஸ் கிடார் கம்பியின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகப் பிரிந்தது. அதுவரை ஒரே 'தும்' ஆக இருந்தது மூன்று வேறு சுரம் என்று அப்போதுதான் தெரிந்தது. 320-ஐ ஏற்றினால் பாடகர் தகர டப்பாவுக்குள் போனார், ஆக இரண்டு டெசிபல் கீழே. 750-ஐ ஏற்றினால் அவருக்கு மூக்கடைத்தது. நடுவில் வைத்தபோது ஜலதோஷம் இல்லை, விட்டுவிட்டேன். 2,200, இதை மட்டும் ஒரு டெசிபல் ஏற்றினேன், சொல்லுக்காக. 6,000-ஐ ஏற்றினால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. ட்வீட்டர் கண்ணாடியைப் பார்த்து இருப்பதால் ஏற்கெனவே அது கூடத்தான். இரண்டு கீழே. 16,000-ஐத் தொடவில்லை. வயது ஏறினால் காது அங்கே கேட்பதில்லை. பண்பலை ஒலிபரப்பே 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது.

போனில் ஒலியலை காட்டும் செயலிகள் உண்டு, வேண்டுமானால் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அடிச்சுருதியில் அது காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது களைத்துவிடும், எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றும். இறங்கி நடந்துவிட்டு வந்து மறுபடி கேளுங்கள். நான் நடந்துவிட்டு வந்து 125-ஐ ஒரு டெசிபல் திருப்பி ஏற்றினேன்.

நிறுத்தி வைத்துச் செய்தது ஓடும்போது கொஞ்சம் மாறும். அவிநாசிப் பக்கம் நெடுஞ்சாலையில் 80, 90-இல் போகும்போது டயர் சத்தம் அடிச்சுருதியைத் தின்றுவிடும். ஆடி மாதம் பல்லடம், உடுமலை பக்கம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கண்ணாடி இடுக்கில் புகுந்து தன் பங்குக்கு ஊதும். அதற்கு 50-ஐ இரண்டு டெசிபல் ஏற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஊருக்குள் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் அவர்கள் துணிமணியே மேல் சுருதியைக் குடித்துவிடும். இதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் குமிழ் திருகிக்கொண்டிருந்தால் வண்டி ஓட்ட முடியாது. ஓரளவு வந்ததும் விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, ஏழு குமிழும் எங்கே நிற்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் காரை வாட்டர் வாஷ் விட்டு எடுத்து வந்தேன். டேஷ்போர்டைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். துணி போன போக்கில் ஏழு குமிழும் வலது கோடியில் போய் நின்றன. சாவியைத் திருகியதும் அண்டா திரும்ப வந்தது.